டெக் கம்பெனி ஆரம்பிச்சவங்க இவ்வளவு பணம் எப்படி சேர்க்கறாங்க? அதுக்கு அவங்க தகுதியானவங்கதானா?

உழைப்புக்குக் கூலின்னு கணக்கு போட்டா இந்தக் கேள்விக்கு பதிலே வராது, ஏன்னா இந்த அளவு பணம் யாருக்கும் சம்பளமா வந்ததில்ல, ஷேரா வந்தது. கம்பெனிக்கு மதிப்பே இல்லாத காலத்துல ஆரம்பிச்சவங்க பேர்ல ஷேரை எழுதிக்கறாங்க, பத்து பதினஞ்சு வருஷம் கழிச்சு கம்பெனி பெருசானா அந்த ஷேர் விலை எங்கேயோ போயிடுது, விஷயம் அவ்வளவுதான். அதனால "அவரு கஷ்டப்பட்டாரா"ன்னு கேக்கறத விட "அந்த ஷேர் விலை எதனால ஏறுச்சு, யாரு யாரு வேலையால ஏறுச்சு"ன்னு கேட்டா ஓரளவு நேர்மையா பேசலாம்.

நான் மைக்ரோசாப்ட்டை எடுத்துக்கறேன். கோர்ட், கேஸுன்னு போனதால உள்ள நடந்தது நிறைய வெளிய வந்த கம்பெனி அது.

முதல்ல திறமை. இதுல எனக்கு சந்தேகமே கிடையாது. 1975 ஆரம்பத்துல ஆல்டேர்னு ஒரு சின்ன கம்ப்யூட்டர் பத்திரிகை அட்டையில வருது. பின்னாடி மைக்ரோசாப்ட்டை ஆரம்பிச்ச பில் கேட்ஸும் பால் ஆலனும் அதுக்கு பேசிக்ங்கற புரோகிராமிங் மொழியை எழுதித் தர்றோம்னு அதைச் செஞ்ச கம்பெனிக்கு சொல்லிட்டாங்க, ஆனா கையில அந்த மெஷினே இல்ல. ஹார்வர்டுல இருந்த பெரிய கம்ப்யூட்டர்ல ஆல்டேர்ல இருந்த 8080ங்கற சிப் மாதிரியே நடந்துக்கற ஒரு புரோகிராமை ஆலன் எழுதினாரு, அது மேல பேசிக்கை எழுதினாங்க, மொத்தமும் 4 கேபி மெமரிக்குள்ள அடங்கணும். ஆலன் அந்தக் கம்பெனி இருந்த அல்புகர்க்கிக்கு பிளேன்ல போறப்பதான் அதை மெஷின்ல ஏத்தறதுக்கான லோடரையே எழுத மறந்தது ஞாபகம் வந்து, இறங்கறதுக்குள்ள உக்காந்து எழுதி முடிச்சாரு. உண்மையான மெஷின்ல போட்டதும் ஓடுச்சு. கோடு எழுதறவங்களுக்குத் தெரியும், கண்ணால பாக்காத ஹார்டுவேர்ல இப்படி ஓட வைக்கறது எவ்வளவு பெரிய காரியம்னு. அந்த பேசிக்ல தசமக் கணக்கு போடற பகுதியை எழுதினது மாண்டி டேவிடாஃப்னு இன்னொரு ஹார்வர்டு மாணவர், அவரு பேரு எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்தது வாய்ப்பு. கேட்ஸ் எட்டாம் கிளாஸ் படிக்கறப்ப, 1968ல, சியாட்டில்ல அவரு படிச்ச லேக்சைடு பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டரோட பேசற டெலிடைப் இருந்துச்சு. பசங்களோட அம்மாமாருங்க சங்கம் பழைய சாமான் வித்த காசுல அதை ஏற்பாடு பண்ணிக் கொடுத்தது. காலேஜ்லயே நிறைய மாணவங்களுக்கு கம்ப்யூட்டர் கிடைக்காத காலம் அது. அவரு அப்பா வக்கீல், அம்மா பெரிய அமைப்புகளோட போர்டுல இருந்தவங்க, அதுல யுனைடெட் வேங்கற தொண்டு அமைப்போட போர்டுல கூட இருந்தவர், ஐபிஎம்ங்கற பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியோட தலைமையில இருந்த ஜான் ஓபெல். இதனாலதான் எல்லாம் கிடைச்சதுன்னு சொன்னா அநியாயம், ஆனா ஹார்வர்டை விட்டுட்டு ரிஸ்க் எடுத்தாருன்னு நம்ம ஊர்ல மேடைக்கு மேடை சொல்றாங்களே, கம்பெனி கவுந்திருந்தா அவரு திரும்பிப் போய் படிப்பை முடிச்சிருப்பாரு, தெருவுக்கு வந்திருக்க மாட்டாரு. வீட்டு நகையை அடகு வச்சு கடை போடறவங்க எடுக்கற ரிஸ்க் வேற.

இப்ப பணம் எங்க வந்ததுன்னு பாப்போம். 1980ல ஐபிஎம் தன்னோட பிசிக்கு ஆபரேட்டிங் சிஸ்டம், அதாவது கம்ப்யூட்டரையே இயக்கற அடிப்படை சாப்ட்வேர், தேடுது. மைக்ரோசாப்ட் கிட்ட அப்ப அது கிடையாது. பக்கத்துலயே சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ்னு ஒரு சின்ன கம்பெனி, அங்க டிம் பேட்டர்சன்னு ஒரு இன்ஜினியர் எழுதி வச்சிருந்த 86-டாஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மைக்ரோசாப்ட் முதல்ல 25,000 டாலர் கொடுத்து லைசென்ஸ் வாங்குது, அப்புறம் 1981 ஜூலையில இன்னொரு 50,000 கொடுத்து மொத்தமா வாங்கிடுது. வாங்கறப்ப பின்னாடி நிக்கற கஸ்டமர் ஐபிஎம்னு அந்தக் கம்பெனிக்கு சொல்லல. அடுத்த மாசம் ஐபிஎம் பிசி வெளிய வருது. அந்த சியாட்டில் கம்பெனி பின்னாடி மைக்ரோசாப்ட் மேல கேஸ் போட்டு 1986ல 9.25 லட்சம் டாலர்ல செட்டில் ஆச்சு.

ஆனா உண்மையான புத்திசாலித்தனம் அந்த 75,000 டாலர்ல இல்ல, ஐபிஎம் கூட போட்ட ஒப்பந்தத்துல இருக்கு. அப்படி வாங்கின டாஸை மத்த கம்பெனிகளுக்கும் விக்கற உரிமையை மைக்ரோசாப்ட் தன் கிட்டயே வச்சுக்கிச்சு. காம்பாக் மாதிரி கம்பெனிகள் ஐபிஎம் பிசிக்கு ஒத்துப் போற மெஷின் பண்ண ஆரம்பிச்சதும் ஒவ்வொண்ணுக்கும் டாஸ் தேவைப்பட்டுச்சு. எல்லாரும் டாஸ் வச்சிருக்காங்கன்னு சாப்ட்வேர் எழுதறவங்க டாஸுக்கு எழுதினாங்க, சாப்ட்வேர் எல்லாம் டாஸ்ல இருக்குன்னு ஜனங்க டாஸ் வாங்கினாங்க. ஒரு கட்டத்துக்கு மேல அந்தச் சக்கரம் தானா சுத்துது, அதை சுத்த வைக்கறது ஊர்ல இருக்கற லட்சக்கணக்கான புரோகிராமரும் யூசரும்தான், ஆனா அதோட பலன் போய்ச் சேர்றது ஷேர் வச்சிருக்கற சில பேர் கிட்ட. 1986 மார்ச்ல 21 டாலருக்கு ஷேர் மார்க்கெட்டுக்கு வந்தப்ப கேட்ஸ் கையில சுமார் 45 சதவீதம் இருந்துச்சு, அடுத்த வருஷம் 31 வயசுல அவரு பில்லியனர்.

சக்கரம் தானா மட்டும் சுத்தலைங்கறதையும் சொல்லணும். டாஸ் போட்டாலும் போடாட்டாலும் நீ தயாரிக்கற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் எங்களுக்கு காசு கொடுன்னு தயாரிப்பாளர்கள் கிட்ட ஒப்பந்தம் போட்டாங்க. போட்டியா வேற ஒரு சிஸ்டத்தை போட்டு விக்க நினைச்சா ரெண்டு பேருக்கும் காசு அழணும், யாரு பண்ணுவா? 1994ல அமெரிக்க அரசு தலையிட்டுத்தான் அது நின்னுச்சு. அப்புறம் ஏகபோகத்தை தப்பா பயன்படுத்தறாங்கன்னு அரசு போட்ட 1998 கேஸ், கம்பெனியை ரெண்டா பிரிக்கணும்னு 2000ல தீர்ப்பு, 2001ல அப்பீல்ல பிரிக்கறது ரத்தாச்சு, ஆனா ஏகபோகத்தை சட்டவிரோதமா காப்பாத்திக்கிட்டாங்கங்கற முடிவை அப்பீல் கோர்ட்டும் மாத்தல. திறமையால வந்த காசும் இப்படி வந்த காசும் ஒரே ஷேர் விலைக்குள்ள கலந்து கிடக்கு, பிரிச்சு எடுக்க வழியில்ல.

இந்த இடத்துல எனக்கு ரொம்ப முக்கியமாப் படறது மூணு தரப்போட கணக்கு. பால் ஆலன் 64க்கு 36ன்னு கேட்ஸோட பங்கு பிரிச்சவர், புற்றுநோய் வந்து 1983லயே வேலையை விட்டுட்டாரு. ஷேருக்கு 5 டாலர் தர்றேன்னு கேட்ஸ் கேட்டப்ப 10க்கு கீழ தர மாட்டேன்னு சொல்லி வச்சுக்கிட்டாரு, இது ஆலனே பின்னாடி சொன்னது. விண்டோஸ் 95 வந்தப்ப அவரு அங்க வேலையில இல்ல, ஆனா 2018ல இறந்தப்ப சொத்து சுமார் 2,000 கோடி டாலர். ஸ்டீவ் பால்மர் எதையும் ஆரம்பிக்கல, 1980ல வேலைக்கு சேர்ந்தவர், சேர்றப்பவே நல்லா பேரம் பேசினதால பின்னாடி சுமார் 8 சதவீதம் கிடைச்சது, இன்னைக்கு உலகப் பணக்காரர் லிஸ்ட்ல இருக்காரு. மூணாவது, அதே கம்பெனியில அதே டீம்ல வருஷக்கணக்கா டெஸ்டிங், டாக்குமெண்டேஷன்னு வேலை பார்த்தும் ஆரஞ்சு பேட்ஜ் போட்ட தற்காலிக ஊழியர்கள். நிரந்தர ஊழியருக்கு நீல பேட்ஜ், ஷேர் வாங்கற சலுகை, இவங்களுக்கு அது கிடையாது. 1992ல கேஸ் போட்டு 2000ல 9.7 கோடி டாலர் செட்டில்மென்ட் வாங்கினாங்க, ஆயிரக்கணக்கான பேருக்கு சேத்து. ஆக, யாரு எவ்வளவு உழைச்சாங்கங்கறது இல்ல, ஒரு பேப்பர்ல யாரு பேரு எந்த வருஷம் எழுதியிருந்துச்சுங்கறதுதான் கணக்கு.

அதனால என் பதில்: பணக்காரரா ஆகறதுக்கு கேட்ஸ் முழுத் தகுதி உள்ளவர், இந்த அளவுக்கு ஆகறதுக்கு அவரு மட்டும் இல்ல, எந்த மனுஷனும் தகுதியானவர் கிடையாது. தானம் பண்றாரேன்னு சொல்வீங்க, தடுப்பூசிக்கு அவரு கொடுத்த பணம் நிறைய குழந்தைகளைக் காப்பாத்தியிருக்கு, அதை மனசார மதிக்கறேன். ஆனா அந்தப் பணம் எதுக்கு போகணும்னு ஒரு குடும்பம் முடிவு பண்றதா, ஓட்டுப் போடற ஜனங்க முடிவு பண்றதாங்கறது தனிக் கேள்வி.

வேற மாதிரியும் பண்ணலாம்கறதுக்கு சென்னையில ஆரம்பிச்ச ஃப்ரெஷ்வொர்க்ஸ்ங்கற சாப்ட்வேர் கம்பெனி இருக்கு. 2021 செப்டம்பர்ல 36 டாலருக்கு நாஸ்டாக்ங்கற அமெரிக்க ஷேர் மார்க்கெட்ல லிஸ்ட் ஆனப்ப ஐநூறுக்கும் மேல ஊழியர்கள் கோடீஸ்வரங்க ஆனாங்க, அதுல முப்பது வயசு கூட ஆகாதவங்களும் இருந்தாங்க. அப்புறம் விலை நல்லா இறங்குச்சு, அது வேற விஷயம். ஊழியருக்கு பங்கு கொடுக்கணும்னு யாரோ உக்காந்து முடிவு எடுத்ததாலதான் அது நடந்துச்சு, தானா நடக்கல.

ஸ்டார்ட்அப்ல சேரப் போற தம்பி தங்கச்சிங்க இதைப் படிச்சா ஒண்ணு சொல்லிக்கறேன். ஆஃபர் லெட்டர்ல இவ்வளவு ஈசாப்னு, அதாவது பின்னாடி ஒரு விலைக்கு கம்பெனி ஷேர் வாங்கிக்கற உரிமைன்னு, நம்பர் போட்டிருந்தா அதை வச்சு சந்தோஷப்படாதீங்க, கம்பெனியோட மொத்த ஷேர் எத்தனை, அதுல இது எத்தனை சதவீதம், என்ன விலைக்கு வாங்கணும், வேலையை விட்டா எத்தனை நாளுக்குள்ள வாங்கணும்னு எழுத்துல கேளுங்க. என் ஃப்ரெண்ட் ஒருத்தன் ஒரு கம்பெனிக்கு ஆரம்பத்துலயே போய் ராத்திரி பகலா வேலை பார்த்தவன், வெளிய வர்றப்ப மூணு மாசத்துக்குள்ள கைக்காசு போட்டு ஷேரை வாங்கணும், விக்கவே முடியாத அந்த ஷேருக்கு அப்பவே வருமான வரியும் கட்டணும்னு வந்து நின்னுச்சு. அவங்க அப்பாவோட ஆஸ்பத்திரி செலவு வேற ஓடிட்டு இருந்த நேரம், பணம் பொரட்ட முடியல, தேதி முடிஞ்சதும் அந்த ஷேரெல்லாம் கம்பெனிக்கே திரும்பிப் போயிடுச்சு.