பிலிம் கேமராவிலிருந்து டிஜிட்டலுக்கு மாறும்போது, அதிகச் செலவில்லாமல் எந்த லென்ஸ் வாங்கலாம்?

உங்களிடம் 28, 50, 135 மி.மீ. என்று மூன்று மேனுவல் (கையால் ஃபோகஸ் செய்யும்) லென்ஸ்கள் இருக்கின்றன, டிஜிட்டல் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்) வாங்கியபின் கையில் பெரிதாக எதுவும் மிஞ்சாது, ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது என்று கேட்கிறீர்கள். நேராகச் சொல்லிவிடுகிறேன்: இருக்கிற பணத்தை வைட் பக்கத்துக்கு, அதாவது மி.மீ. எண் சிறியதாக, பரந்த காட்சியை அடக்கும் லென்ஸுக்குச் செலவு செய்யுங்கள். தூரத்தை அருகில் காட்டும் டெலி பக்கத்தைப் பழைய லென்ஸ்களே பார்த்துக்கொள்ளும்.

காரணம் சென்சாரின் அளவு. நாம் பழகிய பிலிமின் ஒரு ஃபிரேம் 36க்கு 24 மி.மீ. விலை குறைந்த டிஜிட்டல் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார், அது இதைவிடச் சிறியது, அதனால் அதே லென்ஸ் காட்டும் காட்சியின் நடுப்பகுதி மட்டும்தான் படத்தில் விழும். நிக்கான், சோனி, பென்டாக்ஸ், ஃபூஜி என்றால் லென்ஸின் மி.மீ. எண்ணை 1.5 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், கேனான் என்றால் 1.6, இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் என்றால் 2. அப்படிப் பார்த்தால் உங்கள் 50 ஒரு 75 மாதிரி ஆகிவிடும், 135 கிட்டத்தட்ட 200 ஆகிவிடும். இது லாபம்தான். ஆனால் 28 வெறும் 42 ஆகிவிடும், அதாவது உங்களிடம் வைட் என்று ஒன்றே இல்லாமல் போகிறது.

இதை நான் கணக்காகத் தெரிந்துகொண்டும் உணராமல்தான் இருந்தேன். டிஜிட்டல் பாடி வந்த முதல் வாரம், எத்தனையோ வருடம் வீட்டுக்குள் எடுத்த அதே 50ஐ மாட்டிக்கொண்டு ஆறு பேரை ஒரு ஃபிரேமில் அடக்கப் பார்த்தேன், பின்னால் போய்ப் போய் முதுகு சுவரில் முட்டியது, அப்போதும் ஓரத்தில் இருந்தவரின் பாதித் தோள்தான் வந்தது. அதே லென்ஸில் ஒருவர் முகத்தை மட்டும் எடுத்தபோது அவ்வளவு அழகாக இருந்தது. பிலிமில் எல்லாவற்றுக்கும் கைகொடுத்த லென்ஸ் டிஜிட்டலில் முகம் எடுக்கும் லென்ஸாக மாறிவிட்டது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அதனால் வாங்குவதற்கு முன் உங்கள் பழைய நெகட்டிவ்களை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். எந்த லென்ஸில் அதிகம் எடுத்திருக்கிறீர்கள்? 50 என்றால், அதே பார்வையைத் தருவது ஏபிஎஸ்-சியில் ஒரு 35 எஃப் 1.8 (எஃப் எண் சிறியதாக இருந்தால் லென்ஸ் அகலமாகத் திறந்து அதிக வெளிச்சத்தை உள்ளே விடும்). நிக்கானில் இது விலை குறைவான டிஎக்ஸ் (ஏபிஎஸ்-சிக்கான) லென்ஸாகவே 2009இல் வந்தது, செகண்ட் ஹேண்டிலும் நிறையக் கிடைக்கும். 28தான் உங்கள் கண் என்றால் 18 மி.மீ. வேண்டும், அந்த இடத்தில் ப்ரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) தேடினால் விலை ஏறிவிடும், பலர் மட்டமாகப் பேசும் 18-55 கிட் லென்ஸ்தான் அங்கே சரியான பதில். எஃப் 8க்கு மூடி எடுத்தால் பகல் வெளிச்சத்தில் அதில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை. கேமராவோடு சேர்த்து விற்கும் லென்ஸ் என்பதற்காக அதை ஒதுக்கிவிடாதீர்கள். அதன் குறை வெளிச்சம்: 55இல் எஃப் 5.6தான். ஒரு எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும், அந்த வேலைக்குத்தான் உங்கள் பழைய 50 இருக்கிறதே.

எஃப் 1.4 தேடி அலைய வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பிலிமில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 400 போட்டால் 36 படமும் 400தான், அதனால்தான் அகலத் திறக்கும் லென்ஸுக்கு அவ்வளவு மதிப்பு. டிஜிட்டலில் ஒவ்வொரு படத்துக்கும் ஐஎஸ்ஓவை மாற்றலாம். எஃப் 1.4இலிருந்து 2.8க்கு வந்தால் இழப்பது இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது), 400ஐ 1600 ஆக்கினால் அது திரும்ப வந்துவிடும். பின்னணி மங்கல் குறையும், அவ்வளவுதான்.

சரி, பழைய லென்ஸ் எந்த பாடியில் ஏறும்? அது மவுண்டை, அதாவது லென்ஸ் பாடியோடு பூட்டும் வளையத்தைப் பொறுத்தது. இதைப் பார்த்துவிட்டுத்தான் பாடியையே வாங்கவேண்டும், பலர் தலைகீழாகச் செய்துவிட்டு அப்புறம் கஷ்டப்படுகிறார்கள். பென்டாக்ஸ் கே மவுண்ட் என்றால் கவலையே இல்லை, 1975இலிருந்து வந்த லென்ஸ்கள் இன்றைய பென்டாக்ஸ் டிஎஸ்எல்ஆரிலும் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள டிஜிட்டல் கேமரா) ஏறும், பாடிக்குள்ளேயே ஆட்டம் குறைக்கும் வசதி இருந்தால் அது இந்தப் பழைய லென்ஸுக்கும் வேலை செய்யும். நிக்கானில் கவனம் தேவை. 1977இல் ஏஐ முறை (லென்ஸின் அப்பர்ச்சரை பாடிக்குத் தெரிவிக்கும் முறை) வருவதற்கு முந்தைய லென்ஸை, மாற்றம் செய்யாமல் அப்படியே மாட்டினால் பல பாடிகளில் மவுண்டை ஒட்டியிருக்கும் சின்ன லீவர் சேதமாகிவிடும். ஏஐ லென்ஸ் ஏறும், ஆனால் டி3000, டி5000 வரிசை பாடிகளில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வேலை செய்யாது, வெளிச்சத்தை நீங்களே கணிக்கவேண்டும். பழைய ஏஎஃப் (ஆட்டோ ஃபோகஸ்) லென்ஸ் என்றால் அதே பாடிகளில் மீட்டர் வேலை செய்யும், ஆட்டோ ஃபோகஸ் ஓடாது, ஏனென்றால் அதற்கான மோட்டார் பாடியில் இல்லை.

கேனானில் 1987இல் எல்லாம் மாறிவிட்டது. அதன்பின் வந்த ஈஎஃப் லென்ஸ் என்றால் பிலிமில் போட்டதை அப்படியே டிஜிட்டல் டிஎஸ்எல்ஆரில் போடலாம். அதற்கு முந்தைய எஃப்டி மவுண்ட் லென்ஸ் என்றால் ஈஎஃப் பாடியில் போடாதீர்கள். லென்ஸின் மவுண்டிலிருந்து பிலிம் வரை எஃப்டியில் 42 மி.மீ., ஈஎஃப்பில் 44. அந்த 2 மி.மீ. கூடுதலால் தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது, அதைச் சரிசெய்ய அடாப்டருக்குள் (லென்ஸையும் பாடியையும் இணைக்கும் வளையம்) ஒரு லென்ஸ் கண்ணாடி வைக்கிறார்கள், அந்தக் கண்ணாடி படத்தைக் கெடுக்கும். எஃப்டி, மினோல்டா எம்டி மாதிரி லென்ஸ் இருப்பவர்களுக்கு மிரர்லெஸ்தான், அதாவது டிஎஸ்எல்ஆரில் உள்ள பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமராதான் வழி. சோனி ஈ மவுண்டில் இந்தத் தூரம் 18 மி.மீ.தான், மீதி இடத்தை நிரப்ப உள்ளே கண்ணாடியே இல்லாத வெறும் குழாய் அடாப்டர் போதும், அது மலிவாகவும் கிடைக்கும். மேனுவல் ஃபோகஸுக்கும் மிரர்லெஸ் எவ்வளவோ மேல், காட்சியைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யலாம். டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டரில் நம் பிலிம் கேமராவில் இருந்த, நடுவில் பிளந்து சேரும் அந்த வட்டம் இருக்காது, எஃப் 2ஐவிட அகலமாகத் திறந்தால் கண்ணை நம்பி ஃபோகஸ் செய்வது கடினம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கினால் டார்ச் இல்லாமல் போகாதீர்கள். நான் ஒருமுறை கடை வெளிச்சத்தில் மட்டும் பார்த்துவிட்டு ஒரு 28ஐ வாங்கிவந்தேன், வீட்டில் டார்ச்சைப் பின்னாலிருந்து சாய்த்து அடித்தபோது உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தது, சுத்தம் செய்யக் கேட்ட தொகையில் இன்னொரு லென்ஸே வாங்கியிருக்கலாம். நாலைந்து தூசியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது படத்தில் தெரியாது. பூஞ்சையும், உள்கண்ணாடியில் பால் ஊற்றியது போன்ற மங்கலும்தான் ஆபத்து. வெளிச்சம் வரும் துளையைச் சுருக்கி விரிக்கும் அப்பர்ச்சர் இதழ்கள் சட்டென்று மூடித் திறக்கவேண்டும், எண்ணெய் படிந்திருந்தால் மெதுவாக நகரும். முன்கண்ணாடியில் சிறு கீறலை விட்டுவிடலாம், பின்கண்ணாடியில் இருந்தால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். பென்டாக்ஸின் பழைய டாகுமார் 50 எஃப் 1.4 லென்ஸ்களில் சில மஞ்சளாக இருக்கும், அது தோரியம் கலந்த கண்ணாடி, சில வாரம் வெயிலில் வைத்தால் மஞ்சள் பெரும்பாலும் போய்விடும்.

லென்ஸ் ஹுட் (லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பு) கட்டாயம் வாங்குங்கள். சென்சார் பிலிமைவிடப் பளபளப்பானது, அதில் பட்ட வெளிச்சம் திரும்பி லென்ஸின் பின்கண்ணாடியில் மோதும், பழைய கோட்டிங்கில் அது படத்தை வெளிறச் செய்யும். வெளியிலிருந்து வேண்டாத வெளிச்சம் உள்ளே வராமல் ஹுட் தடுத்தாலே பாதி குறையும்.

இன்னொன்று, படத்தைத் திரையில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி லென்ஸை எடைபோடாதீர்கள். 24 மெகாபிக்சல் படம் 6000 பிக்சல் அகலம், சாதாரண மானிட்டரில் அப்படிப் பார்ப்பது ஐந்தடி அகல பிரிண்டை மூக்கருகே வைத்துப் பார்ப்பது போல. பிலிமில் நீங்கள் பார்த்ததெல்லாம் அஞ்சலட்டை அளவுப் பிரிண்ட், அந்த அளவில் உங்கள் பழைய லென்ஸ் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கும்.

உங்கள் மூன்று லென்ஸும் எந்த மவுண்ட் என்று நீங்கள் எழுதவில்லை. முன்வளையத்தில் உள்ள பெயரையும் எண்களையும் அப்படியே எழுதுங்கள், எந்த பாடி பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன், அதுவரை பாடிக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.