டொலுவீனை டிரம்மிலிருந்து பிளாஸ்டிக் கேன்களுக்கு மாற்றி வைத்துக்கொள்வது பாதுகாப்பானதா?

நீங்கள் கேட்டது இது: 200 லிட்டர் டிரம்மிலிருந்து டொலுவீன் என்ற, எளிதில் தீப்பற்றும் கரைப்பான் திரவத்தைச் சிறு பிளாஸ்டிக் கேன்களில் பிடித்து, வேலை மேசைகளுக்கு அருகில் வைத்துக்கொள்கிறீர்கள், புகைபிடிக்கத் தடை உண்டு, தீயணைப்பானும் உண்டு, இவை போதுமா?

போதாது. நீங்கள் விவரித்திருக்கும் ஏற்பாடுதான், பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் மேற்பார்வையாளராக இருந்த பசை தயாரிப்புக் கூடத்திலும் இருந்தது. நான் தீத்தடுப்புப் பொறியியல் படித்தவன் அல்லன். அப்படிப் படித்தவர்கள் இதைவிட நுணுக்கமாகச் சொல்லக்கூடும். ஆனால் இந்த ஒரு வேலையில் எது தவறும் என்பதை நேரில் பார்த்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

எங்கள் கூடத்திலும் தீப்பெட்டி, லைட்டர் எதையும் உள்ளே விடமாட்டோம். டிரம்மைப் படுக்கைவாக்கில் தாங்கியில் வைத்து, பித்தளைக் குழாய் பொருத்தி, டிரம்முக்கு எர்த் கம்பியும் கொடுத்திருந்தோம். அன்று காற்று மிகவும் உலர்ந்திருந்தது. என்னைவிட மூத்தவரும் நான் அண்ணன் என்றே அழைத்துவந்தவருமான தொழிலாளி ஒருவர், பிளாஸ்டிக் கேனின் வாயில் தகரப் புனலைச் செருகி, குழாயைத் திறந்து டொலுவீனைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கேன் பாதி நிறைந்திருக்கும். புனல் சற்றுச் சாய்ந்து குழாயின் நுனியை நெருங்கியபோது ஒரு மெல்லிய சொடுக்கு ஒலி கேட்டது. அடுத்த கணம் கேனின் வாயிலிருந்து அவர் முழங்கை வரை நெருப்பு ஏறியிருந்தது.

என்ன நடந்தது என்பது எனக்குப் பல வாரங்கள் கழித்துத்தான் முழுமையாக விளங்கியது. டொலுவீன் மின்சாரத்தை ஏறக்குறைய கடத்தாத திரவம். அது குழாய் வழியாகப் பாய்ந்து, தெறித்து விழும்போது நிலைமின்னூட்டத்தை, அதாவது உராய்வால் உண்டாகி ஓரிடத்தில் தேங்கி நிற்கும் மின்னூட்டத்தை, சேர்த்துக்கொண்டே போகிறது. டிரம்மில் சேர்ந்த மின்னூட்டம் எர்த் கம்பி வழியாக இறங்கிவிட்டது. புனலோ பிளாஸ்டிக்கின்மேல் தனித்து நின்றது. அதில் சேர்ந்தது போக வழியில்லை. எர்த் செய்யப்பட்ட குழாயை அது நெருங்கியதும், இடைவெளியைத் தாண்டிப் பொறியாகப் பாய்ந்துவிட்டது. டொலுவீன் ஆவியைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஆற்றலே போதும். கதவின் கைப்பிடியைத் தொடும்போது சில வேளைகளில் சுரீர் என்கிறதே, அதில்கூட இதைப்போல் பல மடங்கு ஆற்றல் இருக்கும். டொலுவீனின் ஆவி, பொறி பட்டால் பற்றக்கூடிய அளவை எட்டும் வெப்பநிலையான ‘ஃப்ளாஷ் பாயின்ட்’ ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸ்தான். ஆகவே சாதாரண அறை வெப்பத்தில், திறந்த கேனின் வாயில் பற்றக்கூடிய ஆவி எப்போதும் காத்திருக்கிறது.

அண்ணன் கேனைக் கைவிட்டார். அதில் அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை; எரியும் பாத்திரத்தை யார்தான் பிடித்துக்கொண்டிருப்பார்கள்? சேர்ந்து சில நாள்களே ஆன ஓர் இளைஞர் வாளித் தண்ணீரை வீசினார். டொலுவீன் தண்ணீரைவிட இலேசானது, அதில் கரையவும் கரையாது. எனவே எரிந்தபடியே தண்ணீரின்மேல் மிதந்து தரை முழுவதும் பரவியது. உலர் ரசாயனப் பொடித் தீயணைப்பான்கள் இரண்டைக் காலி செய்த பிறகே நெருப்பு அடங்கியது. அண்ணனின் இரண்டு முன்னங்கைகளிலும் தோல் பொசுங்கிப்போயிருந்தது. அவர் உயிர் பிழைத்தார். ஆனால் வலக்கை விரல்களை முழுமையாக மடக்கும் திறன் அவருக்குத் திரும்பி வரவே இல்லை.

கேள்விக்குச் சற்று வெளியே போவதாகத் தோன்றினாலும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. உள்விசாரணை அறிக்கை காரணத்தை ஒரே சொல்லில் எழுதியது: ‘கவனக்குறைவு’. புனலைச் சரியாகப் பிடிக்கவில்லையாம். கனமான உலோகக் கேன்களை விலக்கிவிட்டுப் பிளாஸ்டிக் கேன்களை வாங்கலாம் என்று பரிந்துரைத்துக் கையெழுத்திட்டவன் நான். இதை விசாரணையில் நானே சொன்னேன். அறிக்கையில் அந்த வரி இடம்பெறவில்லை. ரசாயனத்தின் ஆபத்துகளையும் அதைக் கையாளும் முறையையும் விளக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அதன் ஏழாம் பகுதி கையாளுதலையும் சேமிப்பையும் பற்றியது. நிலைமின்னூட்டத்தைத் தடுக்க எர்த் செய்ய வேண்டும் என்பது அங்கே அச்சிட்டே இருந்தது. குழாயைத் திறப்பவர் ஒருவர்கூட அதைப் படித்ததில்லை, படிக்கக் கொடுக்கப்படவும் இல்லை. படிக்கக் கொடுக்காத விதியை மீறினார் என்று ஒருவர்மேல் பழி எழுதுவதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

இப்போது உங்கள் கூடத்துக்கு வருகிறேன். முதலில் பிளாஸ்டிக் கேன்களை விலக்குங்கள். பிளாஸ்டிக் மின்கடத்தாப் பொருள் என்பதால் அதற்கு எர்த் கம்பி கொடுத்தும் பயனில்லை. உலோகத்தாலான பாதுகாப்புக் கேன் என்று ஒரு வகை உண்டு. அதன் மூடியை ஸ்பிரிங் தானாக மூடிவிடும், வாயினுள் இருக்கும் உலோக வலை வெளியே எரியும் நெருப்பை உள்ளே புகவிடாது. குழாயைத் திறப்பதற்கு முன் டிரம்மையும் அந்தக் கேனையும் ஒரு கம்பியால் இணைத்து, டிரம்மை எர்த் செய்யுங்கள். உலோகப் புனல் வைத்தால் அதுவும் இந்த இணைப்பில் சேர வேண்டும். கிளிப் பெயின்டின்மேல் கடித்தால் இணைப்பே இல்லை. பெயின்டைச் சுரண்டி, பளிச்சென்ற உலோகத்தில் கடிக்க வேண்டும். நிரப்பி முடித்து, மூடிய பிறகே கம்பியைக் கழற்ற வேண்டும். மெதுவாக ஊற்றுங்கள், முடிந்தால் திரவம் மேலிருந்து தெறித்து விழாமல் கேனின் அடிவரை செல்லும் உலோகக் குழாயைப் பயன்படுத்துங்கள்.

மேசையருகே அன்றைய வேலைக்கு வேண்டியது மட்டும் இருக்கட்டும். மற்றவை, கதவு தானாக மூடிக்கொள்வதும் அடியில் சிந்தியதைத் தேக்கும் தொட்டி உள்ளதுமான தீத்தடுப்பு உலோக அலமாரியில் இருக்க வேண்டும். நைட்ரிக் அமிலம், பெராக்சைடு போன்ற, எரிதலைத் தூண்டும் ஆக்சிஜனேற்றிகளை அதே அலமாரியில் வைக்கவே கூடாது. டொலுவீன் ஆவி காற்றைப்போல் மூன்று மடங்கு கனமானது என்பதால் தரையோடு ஊர்ந்து, பள்ளத்தில் தேங்கி, நீங்கள் நினைத்தே பார்க்காத தொலைவில் இருக்கும் ஒரு சுவிட்சைத் தேடிச் செல்லும். கூரைக்கு அருகில் மட்டும் விசிறி வைத்திருப்பது எங்கள் இன்னொரு தவறு. காற்றை உறிஞ்சும் வாய் தரைமட்டத்திலும் வேண்டும், அந்த விசிறியின் மோட்டாரும் பொறி வெளிவராத வகையாக இருக்க வேண்டும்.

காலி டிரம்மைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நிறைந்த டிரம்மில் ஆவி நிற்க இடம் குறைவு. காலி டிரம்மிலோ காற்றும் மிச்ச ஆவியும் கலந்து நிற்கின்றன. அதை வெல்டிங் அல்லது கட்டிங் செய்பவர்கள் வெடித்துச் சாகிறார்கள். காலியானதும் மூடியை இறுக்கி, கூடத்துக்கு வெளியே அனுப்பிவிடுங்கள். துடைத்த துணிகளை மூடியுள்ள உலோகத் தொட்டியில் போட்டு, நாள்தோறும் அகற்றுங்கள்.

‘நாங்கள் இருபது ஆண்டுகளாகப் பிளாஸ்டிக்கில்தான் பிடிக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை’ என்று இங்கே யாராவது எழுதுவார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. காற்றில் ஆவி 1.1 விழுக்காட்டுக்கும் 7.1 விழுக்காட்டுக்கும் இடையில் இருக்கும் இடத்தில், போதிய பொறியும் அதே கணத்தில் விழ வேண்டும்; பெரும்பாலான நாள்களில் இரண்டில் ஒன்று தவறிவிடுகிறது. எங்களுக்கும் அதற்கு முன்பு எத்தனையோ ஆண்டுகள் தவறியிருந்தது. ‘வாடை தெரிந்தால் விலகிக்கொள்வோம்’ என்பதும் பயன்படாது. சற்று நேரத்தில் மூக்கு அந்த வாடைக்குப் பழகி மரத்துவிடும்.

உலோகக் கேன் வந்து சேரும்வரை என்ன செய்வது என்று கேட்பீர்களானால், டிரம்மைத் திறக்காதீர்கள். உற்பத்தி நிற்கும் என்று மேலாளர் சொன்னால், தரவுத் தாளின் ஏழாம் பகுதியை நகலெடுத்து, அதை இணைத்து எழுத்து மூலமாகக் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் அன்று வாய்மொழியாக மட்டுமே பேசிக்கொண்டிருந்தேன்.