காப்பகத்துக்குக் கொண்டு போன நாயை ஏன் திருப்பி அனுப்புகிறார்கள்?

கேள்வி: யாழ்ப்பாணத்தில், கால் அடிபட்ட தெருநாய் ஒன்றை ஓட்டோவில் ஏற்றி ஒரு விலங்குக் காப்பகத்துக்குக் கொண்டு போனேன். அங்குள்ள சிகிச்சை நிலையத்தில் காயத்துக்கு மருந்து போட்டார்கள். ஆனால் காப்பகத்தில் வைத்திருக்க முடியாது, திருப்பிக் கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். போகிற எல்லோருக்கும் இப்படித்தான் நடக்கிறதா?

பதில்:

ஓம், பெரும்பாலும் அப்படித்தான். உங்களுக்கு மனம் நொந்து போயிருக்கும். ஓட்டோவுக்குக் காசு கொடுத்து, வேலைக்கு லீவு போட்டு, முன்பின் தெரியாத ஒரு நாயைக் கடிபடாமல் தூக்கிக் கொண்டு போனவரிடம் "திருப்பிக் கொண்டு போங்கள்" என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனாலும் அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டு நாய்களுக்கு ஊசி போடுவதற்காக இப்படியான ஓர் இடத்துக்குப் போய் வரத் தொடங்கியவன் நான். இப்போது சனிக்கிழமைகளில் அங்கே பதிவு மேசையில் இருந்து துண்டு எழுதிக் கொடுக்கிறேன். வருகிறவர்கள் முதலில் கதைப்பது அந்த மேசையில்தான். கோபமும் அங்கேதான், அழுகையும் அங்கேதான்.

காப்பகமும் சிகிச்சை நிலையமும் ஒரே மதிலுக்குள் இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்து விடுகிறோம். உண்மையில், ஒரு நாய் காப்பகத்துக்குள் போகத் தேவையில்லாமல் பார்த்துக் கொள்வதுதான் சிகிச்சை நிலையத்தின் வேலை. காயம் ஆற்றி, ஊசி போட்டு, கருத்தடை செய்து, இருந்த இடத்துக்கே அனுப்புவது. அதற்கு வழியே இல்லாத நாய்களுக்குத்தான் கூடு. கண் தெரியாதது, முள்ளந்தண்டு உடைந்தது, எங்கே விட்டாலும் அடி வாங்கக் கூடியது, இப்படி.

இடம் ஏன் இல்லை என்பதற்குக் காரணம் ஊரிலேயே இருக்கிறது. முன்பு விசர்நாய்க்கடியைக் கட்டுப்படுத்துகிறோம் என்று தெருநாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். 2006இல் இருந்து கொல்வதில்லை என்பது அரசாங்கத்தின் கொள்கை. நல்ல முடிவு. ஆனால் கொல்லாத ஊரில் கருத்தடை கட்டாயம் நடக்க வேண்டும். பெட்டை நாய் சினைப்பட்டு 63 நாள் அளவில் குட்டி போட்டுவிடும், வருடத்துக்கு இரண்டு ஈற்றும் உண்டு. கருத்தடை செய்யாத வீட்டில் என்ன நடக்கும்? சந்தைக்குப் பின்னால், கோயில் வீதியில், இல்லாவிட்டால் விடியப்புறம் காப்பகப் படலையடியில், ஒரு மட்டைப்பெட்டிக்குள் கண் திறக்காத குட்டிகள். கொண்டு வந்து வைப்பவர்கள் தாங்கள் புண்ணியம் செய்வதாகவே நம்புகிறார்கள். விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதற்கு எதிராக எங்கள் நாட்டில் 1907இலேயே சட்டம் எழுதியாகிவிட்டது. அதில் எழுதிய தண்டம் 100 ரூபா. அந்தக் காலத்தில் அது பெரிய காசு, இன்றைக்கு 100 ரூபாவுக்கு யாரும் பயப்பட மாட்டார்கள்.

பிறகு வெளிநாடு போகிற குடும்பங்கள். வீடு பூட்டப் போகிறோம், பத்து வயது நாய், யாரும் எடுக்கிறார்கள் இல்லை என்று வருவார்கள். இவர்களைக் கடிந்து பேச எனக்கு வாய் வருவதில்லை. 95 ஒக்டோபரில், போர் நெருங்கி ஊரே வெளியேறிய இடப்பெயர்வில், ஆடு மாடுகளை அவிழ்த்து விட்டு, நாயைப் படலைக்குள் விட்டு நடந்த ஊர் இது. அதை இன்றைக்கும் சொல்லி அழுகிற கிழவிகள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். என்றாலும் இப்போது விசாவுக்குக் காத்திருக்க மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. முதல் மாதத்திலேயே வந்து சொன்னால் அந்த நாய்க்கு ஒரு வீடு பார்க்கலாம். பயணத்துக்கு முதல் நாள் கயிற்றோடு வந்து நின்றால் நாங்கள் என்ன செய்வது?

இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை தெருநாய்களுக்கென்று சரணாலயம் அமைத்தது பலருக்கும் தெரியும். அதைப் பார்த்துவிட்டு எல்லாக் காப்பகத்திலும் அவ்வளவு இடமும் ஆளும் இருக்கும் என்று நினைக்கிறார்கள். நான் இருக்கும் இடத்தில் ஒரு கூடு காலியானால் அதற்குப் பெயர் எழுதி வைத்த நாய் ஏற்கெனவே வாசலில் நிற்கும்.

இடம் இருந்தாலும் குட்டியை எடுக்கத் தயங்குவதற்கு இன்னொரு காரணம் பார்வோ. ஊசி போடாத குட்டிகளுக்கு வரும் வைரஸ் நோய். முதலில் சாப்பாட்டை வெறுக்கும், வாந்தி வரும், பிறகு இரத்தமாகக் கழியும். அந்த நாற்றம் ஒரு முறை மணந்தவருக்கு மறக்காது. சேலைன் ஏற்றி இரவு பகலாகப் பார்த்தாலும் சில பிழைக்கும், சில போய்விடும். நிலத்திலும் கோப்பையிலும் செருப்பிலும் அந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சவர்க்காரத்துக்குச் சாகாது, குளோரின் போட்டுக் கழுவ வேண்டும். குட்டிக்கு ஆறிலிருந்து எட்டுக் கிழமைக்குள் முதல் ஊசி போட்டு, மூன்று நான்கு கிழமைக்கு ஒரு தடவையாகப் பதினாறு கிழமை வரை திரும்பத் திரும்பப் போடுவது இதற்காகத்தான். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி இரத்தத்தில் இருக்கும் வரை ஊசி சரியாகப் பிடிக்காது, அது எந்தக் கிழமையில் குறையும் என்று வெளியில் இருந்து தெரியாது. இந்த நிலையில், ஊசி முடியாத குட்டியை எத்தனையோ நாய்கள் வந்து போகும் இடத்தில் விட்டால் அது தப்புவது கடினம். "பாவம், இங்கே விட்டால் பிழைக்கும்" என்று கொண்டு வந்த குட்டிகள் அதே கிழமையில் செத்ததைப் பார்த்த பிறகு, திருப்பி அனுப்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

ஒரு நாள் ஓர் அக்கா உரப்பைக்குள் ஆறு குட்டிகளோடு வந்தார். வழமையான கதைதான், வீட்டுக்காரர் பேசுகிறார், வைத்திருக்க ஏலாது. எங்கள் டொக்டர் குட்டிகளைப் பார்க்க முதலே, "அம்மா எங்கையக்கா?" என்று கேட்டார். "அது வீட்டிலை." "அப்ப குட்டியளைத் திருப்பிக் கொண்டு போய் தாயோடை விடுங்கோ. பால் மறந்தாப் பிறகு தாயைக் கொண்டு வாங்கோ, ஒப்பரேசன் செய்து தாறன். குட்டியளுக்கு ஆள் பாக்கிறது எங்கடை பொறுப்பு." அக்கா முணுமுணுத்துக் கொண்டுதான் போனார். ஆனால் சொன்ன மாதிரியே தாயைக் கொண்டு வந்தார். அந்த வீட்டிலிருந்து இனி உரப்பை வராது. ஆறு குட்டிகளையும் அன்றைக்கு வாங்கி வைத்திருந்தால் அடுத்த ஈற்றும் வந்திருக்கும்.

சிகிச்சை நிலையம் எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களுக்கு மானிப்பாய்ப் பக்கத்து ஐயா ஒருவரைச் சொல்வேன். சைக்கிள் கரியரில் மரப்பெட்டி கட்டி, அதற்குள் மண்ணிற நாயொன்றை ஏற்றி வந்திருந்தார். காதுக்குப் பின்னால் புழுப் புண். வீட்டில் கற்பூரத்தை எண்ணெயில் குழைத்துப் பூசியிருக்கிறார், மேலே காய்ந்து உள்ளே தின்று கொண்டு போயிருக்கிறது. இலையான் முட்டையிட்டால் ஒரு நாளுக்குள்ளேயே புழு வந்துவிடும். அதனால் சின்னக் காயம் என்று விடக் கூடாது.

"ஐயா, வாயைக் கட்ட வேணும், கோவிக்காதேங்கோ."

"இவன் கடியான் பிள்ளை."

"நோவிலை ஆரும் கடிப்பினம் ஐயா. நீங்கள் தலையைப் பிடிச்சுக் கொண்டு கதைச்சுக் கொண்டே இருங்கோ."

ஐயா தன் சால்வையால் நாயின் கண்ணை மூடிப் பிடித்துக் கொண்டார். டொக்டர் மயிரை வழித்து, சேலைன் பீச்சிக் கழுவி, இடுக்கியால் ஒவ்வொரு புழுவாக எடுத்துத் தட்டில் போட்டார். தட்டில் அவை நெளிந்து கொண்டே இருந்தன. எல்லாம் எடுத்த பிறகு பார்த்தால் பெருவிரல் நுழையும் அளவு குழி. பக்கத்தில் முறை பார்த்துக் கொண்டிருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக் கொண்டார்கள். ஐயா திருப்பவில்லை. பிறகு ஊசி போட்டு, மருந்து வைத்து, நாளைக்கும் வாங்கோ என்றார்கள். அவர் ஒவ்வொரு நாளும் வந்தார். குழியின் அடியிலிருந்து இளஞ்சிவப்புச் சதை மேலே எழும்பி வந்ததை அவரே எல்லோருக்கும் கூப்பிட்டுக் காட்டினார். அந்த நாய்க்கு ஒரு நாள்கூடக் கூடு தேவைப்படவில்லை.

மேசையில் அதிகம் கேட்கிற முறைப்பாடு காசைப் பற்றியது. தருமத்துக்கு நடத்துகிற இடம்தானே, ஏன் காசு வாங்குகிறீர்கள் என்பார்கள். மயக்க மருந்து, தையல் நூல், சேலைன் எதுவும் சும்மா வருவதில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மருந்து விலை எங்கே போய் நின்றது என்று பாமசிக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். வீட்டு நாய்க்கு நீங்கள் கொடுக்கும் காசில்தான் கூட்டில் உள்ளவற்றுக்கு அரிசி வேகிறது. அடுத்தது, காத்திருப்பு. அடிபட்டு மூச்சு வாங்குகிற ஒன்று வந்தால் முறை மாறும், அதற்குக் கோபிக்கக் கூடாது. நாட்டிலேயே மிருக வைத்தியம் படிப்பிக்கிற பீடம் பேராதனையில் ஒன்றுதான், டொக்டர்மார் எங்கேயும் மிதமிஞ்சி இல்லை. ஒப்பரேசனுக்கு வந்த நாயைச் சாப்பிட்டிருக்கிறது என்று திருப்பி அனுப்புவதும் வீண் பிடிவாதம் இல்லை. மயக்கத்தில் வாந்தி வந்தால் அது சுவாசப்பைக்குள் போய் உயிரை எடுத்துவிடும்.

வீட்டு வைத்தியத்தில் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பூனைக்குக் காய்ச்சல் என்று பெனடோல் கொடுக்காதீர்கள். பூனையின் உடம்பால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது, ஒரு குளிசையே கொல்லும். நாய் சோர்ந்து கிடந்தால் உதட்டைத் தூக்கிப் பல் முரசைப் பாருங்கள். வெளிறிப் போயிருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றைக்கே கொண்டு வாருங்கள்.

ஒரு விஷயத்தில் நான் வருகிறவர்கள் பக்கம். பேசுகிற விதம். இன்னோர் இடத்தில், பெயர் வேண்டாம், பள்ளிக்கூட உடுப்போடு பூனைக்குட்டி கொண்டு வந்த ஒரு பையனை "இதையெல்லாம் ஏன் தூக்கிக் கொண்டு வாறாய்" என்று அதட்டி அனுப்பியதைப் பார்த்தேன். வேலை செய்கிறவர்கள் களைத்துப் போயிருப்பார்கள், அது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளை இனி ஒரு காயப்பட்ட உயிரைக் குனிந்து தூக்குமா? இடமில்லை என்று சொல்ல ஒரு நிமிடம், ஏன் இல்லை என்று சொல்ல இன்னும் இரண்டு நிமிடம். உங்களுக்கும் அந்த இரண்டு நிமிடம் கிடைத்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

சும்மா பார்க்க வருகிறவர்களும் உண்டு. பிறந்தநாள், திவசம் என்று சாப்பாடு கொடுக்க வருவார்கள், அது நல்ல பழக்கம். பாயாசமும் அவித்த கோழி எலும்பும் வேண்டாம், எலும்பு உடைந்து குடலில் குத்தும். அரிசி, பழைய சாரம், பழைய பத்திரிகை கொண்டு வந்தால் கையெடுத்துக் கும்பிடுவோம். பிள்ளைகளைக் கூட்டுக்குள் கை விட விடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறிகள் வந்த பிறகு காப்பாற்ற வழியில்லை.

உங்கள் நாய்க்கு வருகிறேன். அதைத் திருப்பி அதே ஒழுங்கையில் விடுவது கைவிடுவது ஆகாது. ஒரு நாயை எடுத்துவிட்டால், அது தின்ற குப்பையும் சோறும் இருக்கும் வரை வேறொன்று அந்த இடத்துக்கு வந்துவிடும். அது ஊசி போடாததாக, குட்டி போடுவதாக இருக்கும். ஓர் ஊரின் நாய்களில் 70 வீதத்துக்கு ஊசி போட்டு வைத்திருந்தால் விசர்நாய்க்கடி பரவுவது நிற்கும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஊசியும் கருத்தடையும் முடிந்த பிறகு உங்கள் நாய் அந்த ஒழுங்கையில் படுத்திருப்பது அங்குள்ள பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

அடுத்த முறை போகும்போது "வைத்திருங்கள்" என்று கேட்காமல், "கால் தேறும் வரைக்கும் எத்தனை நாள் வைத்திருக்க முடியும், பிறகு நான் வந்து எடுக்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். அப்படிக் கேட்டவர்களுக்கு எங்கள் இடத்தில் ஒரு கூடு எப்படியாவது கிடைத்திருக்கிறது. காலை ஊன்றவே இல்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். மூன்று காலோடு ஓடித் திரிகிற நாய்கள் நிறைய உண்டு, அதற்காகப் பயப்பட வேண்டாம். பெட்டை என்றால் கருத்தடைக்கு அன்றைக்கே ஒரு திகதி வாங்கிவிடுங்கள். விசர்நாய் ஊசி போட்ட அட்டையை நீங்களே வைத்திருங்கள். அந்த ஒழுங்கையில் அதற்கு யார் சோறு வைக்கிறார்கள் என்றும் விசாரித்துப் பாருங்கள், கட்டாயம் ஒருவர் இருப்பார். அவருடைய தொலைபேசி இலக்கத்தைப் பதிவு மேசையில் கொடுத்தால், மருந்து மாற்றும் நாளையும் தையல் பிரிக்கும் நாளையும் அவருக்கே எடுத்துச் சொல்வார்கள்.