ஹோம்ஸ் கவுண்டியில் எத்தனை ஆமிஷ்? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள ஹோம்ஸ் கவுண்டியைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். சொந்தக் கார் வைக்காமல் குதிரை வண்டியில் போகும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நிறைய வாழும் இடம் அது. நிலமும் மக்கள்தொகையும் என் துறை. இறையியல் வாதங்களுக்கு வேறு ஆளைப் பாருங்கள். ஆமிஷ் குடும்பத்தில் பெண் எடுக்க முடியுமா என்று கேட்ட இருவருக்கும் பதில் கிடையாது.

கேள்வி: கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரியா அக்கா? எவ்வளவு பெரியது?

பதில்: ஏறக்குறைய மாவட்டம்தான். ஆனால் ஆட்சியர் கிடையாது. மக்கள் தேர்ந்தெடுக்கும் மூன்று கமிஷனர்கள் நிர்வகிக்கிறார்கள். பரப்பளவு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் 44,223 பேர். தலைநகரம் மில்லர்ஸ்பர்க், அங்கேயே மூவாயிரம் பேருக்குச் சற்று மேல்தான். சுற்றுலா வருபவர்கள் உச்சரிக்கும் பெர்லின், வால்நட் கிரீக், மவுண்ட் ஹோப், சார்ம் ஆகியவற்றுக்குச் சொந்தமாக ஊராட்சி மன்றமே இல்லை. அவை டவுன்ஷிப் எனப்படும் கவுண்டி உட்பிரிவுகளின் பொறுப்பில் இருக்கின்றன. அப்படிப் பதினான்கு டவுன்ஷிப்புகள் உண்டு.

கேள்வி: அங்கே ஆமிஷ் மக்கள் எத்தனை சதவீதம்?

பதில்: இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு யாரிடமும் மதம் கேட்பதில்லை. ஆகவே 44,223 என்ற எண்ணை வைத்துக்கொண்டு அதில் ஆமிஷ் எத்தனை என்று அரசு ஆவணத்தில் தேடினால் கிடைக்காது. சபைகள் தாமே வெளியிடும் குடும்ப முகவரிப் புத்தகங்களை எண்ணித்தான் ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். ‘பாதிக்குப் பக்கம்’ என்பது நியாயமான பேச்சு. ‘இத்தனை புள்ளி இத்தனை சதவீதம்’ என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ‘ஹோம்ஸ் கவுண்டி ஆமிஷ் குடியேற்றம்’ என்பது கவுண்டி எல்லைக்குள் அடங்குவதில்லை. வெய்ன், டஸ்கராவஸ், கொஷாக்டன், ஸ்டார்க் கவுண்டிகளுக்குள்ளும் பரவியிருக்கிறது. பென்சில்வேனியாவின் லங்காஸ்டருக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரிய குடியேற்றம் இது. அந்த மொத்தத்தைக் கவுண்டியின் மக்கள்தொகையால் வகுத்து, 90 சதவீதம் என்று ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். கவுண்டி எல்லை வேறு, சமூக எல்லை வேறு.

கேள்வி: அவர்கள் கிழக்குப் பக்கமே கூடியிருப்பதற்கு நிலம் காரணமா?

பதில்: நல்ல கேள்வி. பனியுகத்தில் கனடாவிலிருந்து இறங்கிய பனிப்பாறையின் தென்விளிம்பு இந்தக் கவுண்டியின் குறுக்கே போகிறது. வடமேற்கைப் பனி இழைத்து மெத்தென்ற மேடுகளாக்கிவிட்டது. தென்கிழக்கை அது தொடவில்லை. அங்கே செங்குத்தான குன்றுகளும் குறுகிய பள்ளத்தாக்குகளும் அப்படியே நிற்கின்றன. நடுவில் தெற்கு நோக்கி ஓடுகிறது கில்பக் ஓடை. பனி உருகிய நீர் கொண்டுவந்த வண்டல் நிரம்பியதால் பள்ளத்தாக்கு அகலம், ஓடை சிறிது, கரையெல்லாம் சதுப்பு. அந்தத் தண்ணீர் வால்ஹோண்டிங், மஸ்கிங்கம் வழியாக ஒஹையோ ஆற்றில் சேருகிறது.

முதல் ஆமிஷ் குடியேறிகள் 1809 வாக்கில் பென்சில்வேனியாவிலிருந்து வந்து கிழக்கே வால்நட் கிரீக் பக்கம் இறங்கினார்கள். கவுண்டி உருவானதே 1824இல்தான். பிறகு வந்தவர்கள் உறவினர் பக்கத்திலேயே நிலம் வாங்கினார்கள். குதிரை வண்டியில் போய்வரும் தூரத்துக்குள் சபை இருக்க வேண்டும் என்பதால் கூட்டம் சிதறவில்லை. பெரிய இயந்திரம் திரும்ப முடியாத சரிவுகளில் குதிரை ஏர் ஓடும், பால்மாடு மேயும். சிறு பண்ணைக்கு அந்த நிலம் போதும். ஆகவே நிலத்தைவிட உறவுதான் முதல் காரணம் என்பேன். நிலம் அதற்கு இடைஞ்சல் செய்யவில்லை, அவ்வளவே. கில்பக் பள்ளத்தாக்குக்கு மேற்கே இன்றும் வேறு முகம்: ஆமிஷ் அல்லாத விவசாயிகள், சிற்றூர்கள், அரசுப் பள்ளிகளுக்குத் தனி நிர்வாகம்.

கேள்வி: செல்போன் வைத்திருப்பார்களா? மின்சாரம்? கார்?

பதில்: எந்தச் சபை என்று சொல்லுங்கள். ஒவ்வொரு சபைக்கும் சுமார் 25 முதல் 40 குடும்பங்கள். விதிகளை அந்தச் சபையே வைத்துக்கொள்கிறது. ஸ்வார்ட்சென்ட்ரூபர் பிரிவு மிகக் கடுமையானது. நியூ ஆர்டர் மிகத் தளர்வானது. நடுவில் ஓல்ட் ஆர்டர் பெருங்கூட்டம். ஒரு பட்டறையில் அழுத்தக் காற்றில் அறுவை இயந்திரம் ஓடும், அடுத்த வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு எரியும், சாலையில் மின்சைக்கிள் போகும். சொந்தக் கார் இல்லை என்பது மட்டும் எல்லோருக்கும் பொது. வாடகைக் காரில் ஏறப் பெரும்பாலோருக்குத் தடையில்லை.

கேள்வி: வரியே கட்டாமல் அரசாங்கச் சாலையில் குதிரை ஓட்டுகிறார்களே, இது என்ன நியாயம்?

பதில்: கட்டுகிறார்கள். வருமான வரி, சொத்து வரி, விற்பனை வரி எல்லாம் உண்டு. தம் பிள்ளைகளைத் தனிப் பள்ளிக்கு அனுப்புகிறவரும் அரசுப் பள்ளிக்கான சொத்து வரியைச் செலுத்துகிறார். விலக்கு ஒன்றே ஒன்றுதான்: சோஷியல் செக்யூரிட்டி, அதாவது அரசு ஓய்வூதியத் திட்டத்துக்கான வரி. முதியோரையும் நோயாளியையும் சபையே பார்த்துக்கொள்ளும் என்பதால், 1965இல் சுயதொழில் செய்யும் ஆமிஷ்களுக்கு அந்த விலக்கு கிடைத்தது. அவர்கள் அந்த ஓய்வூதியத்தையும் கேட்க முடியாது.

கேள்வி (அதே நபர்): சுயதொழிலுக்கு மட்டும் என்கிறீர்கள். ஆமிஷ் முதலாளிகள் யாருமே கட்டுவதில்லை என்றல்லவா படித்தேன்?

பதில்: அரைகுறையாகப் படித்திருக்கிறீர்கள். பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஓர் ஆமிஷ் தச்சர் தம் பணியாளர்களுக்காக அந்த வரியைச் செலுத்த மறுத்து உச்ச நீதிமன்றம்வரை போனார். 1982இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. 1988இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது: முதலாளி, தொழிலாளி இருவரும் விலக்குப் பெற்ற சபையினராக இருந்தால் மட்டும் கட்ட வேண்டாம். ஆமிஷ் அல்லாத ஒருவரை வேலைக்கு வைத்தால் கட்டியே ஆக வேண்டும்.

கேள்வி (வேறொருவர்): அவரை விடுங்கள் அக்கா. ஆனால் லாடம் சாலையைக் கிழிக்கிறது, பெட்ரோல் வரி கிடையாது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: இந்த வாதத்தில் உயிர் இருக்கிறது. லாடத்தின் கடினமான முனைகள் தாரைத் தேய்க்கின்றன, உண்மை. இந்தியானாவின் சில கவுண்டிகளில் குதிரை வண்டிக்கு ஆண்டுக் கட்டணமும் எண்பலகையும் உண்டு, ஒஹையோவில் இல்லை. என்னைக் கேட்டால் சிறு கட்டணம் வைப்பதில் தவறில்லை. அதைவிட எனக்குக் கவலை இரவு விபத்துகள். 2022இல் ஒஹையோ சட்டம் வண்டியின் பின்னால் மின்னும் மஞ்சள் விளக்கைக் கட்டாயமாக்கியது. ஸ்வார்ட்சென்ட்ரூபர்களில் பலர் அதை மனச்சாட்சிக்கு விரோதம் என்று மறுத்து அபராதம் வாங்குகிறார்கள். வரிக்குப் பொங்குகிற நீங்கள் இதைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. வரிக் கேள்விகள் இத்துடன் முடிந்தன. இன்னும் ஏழு வந்திருக்கின்றன, எல்லாவற்றுக்கும் இதே பதில்.

கேள்வி: குடும்பத்துக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் என்றால் கவுண்டி நிரம்பி வழிய வேண்டுமே?

பதில்: வழிகிறது, வெளியே. அமெரிக்காவில் ஆமிஷ் தொகை சுமார் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. ஆனால் இந்தக் கவுண்டி 2010இல் 42,366. பத்தாண்டில் கூடியது 1,857 பேர். நிலம் விலை ஏறியதால் இளம் குடும்பங்கள் மலிவான நிலம் தேடி வேறு கவுண்டிகளுக்கும் மாநிலங்களுக்கும் போய்விடுகின்றன. தங்கியவர்களிலும் பெரும்பாலோர் இன்று விவசாயிகள் இல்லை. மரச்சாமான் பட்டறை, மரம் அறுப்பது, கட்டட வேலை, சுற்றுலா இவைதான் சோறு போடுகின்றன. ஏர் உழும் படத்தைப் பார்த்துப் பொருளாதாரத்தைக் கணிக்காதீர்கள்.

கேள்வி: உள்நாட்டுப் போரில் ஆமிஷ்கள் அங்கே கலகம் செய்தார்களாமே?

பதில்: இல்லை. 1863 ஜூனில் கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்து ஆயுதத்தோடு கூடியவர்கள் மேற்கே ரிச்லண்ட் டவுன்ஷிப்பின் விவசாயிகள். கொலம்பஸிலிருந்து சுமார் 400 வீரர்கள் வந்ததும் கலைந்துவிட்டார்கள். அவர்கள் கூடியிருந்த, பிசுபிசுத்துப் போன அந்தக் கோட்டைக்கு ‘ஃபோர்ட் ஃபிசில்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். மறுபடியும் சொல்கிறேன், ஹோம்ஸ் கவுண்டியில் நடந்ததெல்லாம் ஆமிஷ் செய்தது இல்லை.

கேள்வி: ஆமிஷ் சதவீதம் எவ்வளவு?

பதில்: இரண்டாம் கேள்வி.

கேள்வி: வீட்டில் என்ன மொழி?

பதில்: பென்சில்வேனிய ஜெர்மன். வழிபாட்டுக்கு உயர் ஜெர்மன், பள்ளியிலும் கடையிலும் ஆங்கிலம். பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நிற்கிறார்கள். 1972 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதை அனுமதிக்கிறது.

கேள்வி: கொலம்பஸிலிருந்து ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகலாமா? படம் எடுக்கலாமா?

பதில்: 62ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் கில்பக், மில்லர்ஸ்பர்க், பெர்லின் என்று வரிசையாக வரும். ஞாயிறு வேண்டாம், ஆமிஷ் கடைகள் அடைத்திருக்கும். பெர்லின் அருகே பாரம்பரிய மையத்தில் 265 அடி நீள வட்டச் சுவரோவியம் இருக்கிறது. ஆமிஷ்களும் அவர்களுக்கு நெருங்கிய கிறிஸ்தவப் பிரிவான மென்னோனைட்களும் கடந்துவந்த வரலாறு முழுவதும் அதில். அதை முதலில் பாருங்கள், சாலையில் பாதிக் கேள்வி குறையும். மலை, மாடு, வண்டி எதையும் படம் எடுங்கள். முகத்தை எடுக்காதீர்கள், அது அவர்களுக்குப் பிடிக்காது. மேடேறும் வளைவில் வேகம் வேண்டாம். அந்தப் பக்கம் குதிரை வண்டி இருக்கும்.