முதலில் முட்டி, அப்புறம் மாடி

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. கால்பந்தில் மிட்ஃபீல்டர். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியில் தமிழ்நாட்டுக்கு ஆடியவன். மூன்று வருடமாக வெளிமாநிலக் கிளப் ஒன்றில் ஒப்பந்தத்தில் இருக்கிறான். டிசம்பரில் பயிற்சியின்போது முட்டி திரும்பி, ஏ.சி.எல். ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்ய வேண்டும், 2 லட்சம் ஆகும் என்று டாக்டர் சொன்னார். ஓய்வெடு என்று கிளப் ஊருக்கு அனுப்பிவிட்டது. ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிகிறது. அப்பா இல்லை. நான் கடலுக்குப் போகிறேன். தம்பி அனுப்பிய பணத்தில்தான் வீட்டுக்கு மாடி எடுத்தோம். ஈஸ்டர் கழிந்து வீடு மந்திரிப்பு, பங்குத்தந்தை வந்து புது வீட்டை ஆசீர்வதிக்கும் சடங்கு. அது முடிந்ததும் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம், அவனும் சரி என்றுவிட்டான். சென்னையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவனோ திரும்ப ஆடுவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறான். கோல் அடிக்கிறவன்கூட இல்லை, நடுவில் ஓடுகிறவன். இதில் என்ன எதிர்காலம்? நீங்கள்தான் அவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும்.
(பெயர் வேண்டாம், கன்னியாகுமரி மாவட்டம்)

பதில்: உங்கள் தம்பிக்குச் சொல்ல என்னிடம் எந்தப் புத்தியும் இல்லை. உங்களுக்குச் சொல்லத்தான் இருக்கிறது.

வேலையா பந்தா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. கபடி, கிரிக்கெட், வாலிபால் என்று விளையாட்டு மட்டும் மாறி மாறி வரும். ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "மந்திரிப்பு முடிந்ததும் ஆபரேஷன்" என்று, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ஜவ்வு கிழிந்தது டிசம்பரில். ஈஸ்டர் வருவது ஏப்ரலில். அதற்கும் பிறகு பந்தல் பிரித்து, பிரியாணிக்காரர் கணக்கை முடித்து, வந்த சொந்தக்காரர்களை அனுப்பிவைத்து, அப்புறம்தான் முட்டி. எந்தக் கால் ஓடி அந்த மாடி எழும்பியதோ, அந்தக் காலுக்குக் கடைசி இடம்.

நீங்கள் கடல் தொழில் செய்கிறவர். வள்ளத்தின் இன்ஜின் சீசன் நேரத்தில் மக்கர் செய்தால், திருவிழா கழியட்டும் என்று கரையில் போட்டு வைப்பீர்களா? அன்று ராத்திரியே மெக்கானிக்கை எழுப்பி, கடன் வாங்கியாவது ஸ்பேர் போட மாட்டீர்களா?

"அவனும் சரி என்றுவிட்டான்" என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லாமல் என்ன செய்வான்? அப்பா இல்லாத வீடு. அண்ணன் கடலில் கஷ்டப்படுகிறான். அம்மா மந்திரிப்புக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறாள். சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பியே பழகிய பையனுக்கு, அந்த வீட்டிடம் 2 லட்சம் கேட்கத் தெரியாது. அவன் சொன்ன "சரி"யைச் சம்மதம் என்று கணக்கில் எழுதாதீர்கள். குடும்பத்துக்குக் கொடுப்பது கடமை என்று நம்புகிறவள்தான் நானும். அதே கடமை குடும்பத்துக்கும் உண்டு. அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்தான் அப்பா என்றால், அந்த அப்பா முதலில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருக்க வேண்டும்.

சரி, தள்ளிப் போட்டால் என்ன கெட்டுப்போகும்? நிறையக் கெடும். ஏ.சி.எல். இல்லாத முட்டிக்குப் பிடிமானம் கிடையாது. நேராக நடக்கும்போது ஒன்றும் தெரியாது. படியில் இறங்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோ வழுக்கிக் கொடுக்கும். அப்படி ஒவ்வொரு முறை வழுக்கும்போதும் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ் கிழிய வாய்ப்பு உண்டு. ஜவ்வைப் புதிதாக வைத்துத் தைக்கலாம். போன மெனிஸ்கஸ் பழையபடி வருவது கஷ்டம். உங்கள் மாடிக்கு இன்னும் கைப்பிடி வைக்கவில்லை என்றால், அந்தப் படியில் அவன் ஏறி இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு மைதானத்துக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதமாவது ஆகும். அதற்கு முன்பே இறங்குகிறவர்களுக்கு மறுபடி கிழியும் ஆபத்து அதிகம். இப்போது, பிப்ரவரியில் செய்தால் நவம்பரில் ஓடத் தயாராவான், ஜனவரியில் கிளப்கள் ஆள் எடுக்கும்போது கையில் ஒரு வாய்ப்பு இருக்கும். மே மாதம் செய்தால் அடுத்த வருடம் பிப்ரவரி. ஒப்பந்தம் இல்லாமல், ஆடாமல், 25 வயதில் ஒரு சீசன் முழுக்கப் போய்விடும். அப்புறம் எதிர்காலம் இல்லை என்று நீங்கள் சொல்லும்போது, அது உண்மையாகவே ஆகியிருக்கும்.

"நடுவில் ஓடுகிறவன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அவனுடைய ஒரு முழு ஆட்டத்தையாவது பார்த்திருக்கிறீர்களா? பந்து காலுக்கு வருவதற்கு முன்பே மிட்ஃபீல்டர் தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று கணக்கெடுத்து வைத்திருப்பான். முதுகில் ஒருவன் முட்டிக்கொண்டு நிற்க, ஒரு காலை ஊன்றி மொத்த உடம்பையும் சுழற்றித் திரும்புவான். ஷூவின் ஆணி புல்லில் மாட்டிக்கொண்டு உடம்பு மட்டும் திரும்பினால் ஜவ்வு போகும். தொண்ணூறு நிமிடத்தில் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற வேலை அது. கோல் அடித்தவனைத் தூக்கிக் கொண்டாடுவார்கள், இவன் பெயர் மறுநாள் பேப்பரில்கூட இருக்காது. வீட்டிலாவது இருக்க வேண்டாமா?

உங்கள் கரைக்காரர், கால்பந்து வீரர் மைக்கேல் சூசைராஜை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இரயுமன்துறையிலிருந்து போனவர். 2020 மார்ச்சில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியோடு இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையைத் தூக்கினார். அதே வருடம் நவம்பர் 20, அடுத்த சீசனின் முதல் ஆட்டம், தொடக்கத்திலேயே முட்டி போயிற்று. சீசனும் போயிற்று. வியாசர்பாடி தன்பால் கணேஷ் 2018-ல் சென்னையின் எஃப்.சி.யோடு கோப்பை வென்றார், அடுத்த சீசனை முட்டிக் காயம் தின்றது. இரண்டு பேருமே நடுக்களத்துக்காரர்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் முட்டிதான் முதல் என்று சொல்கிறேன்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பயம் நியாயமானது. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல்.லையே நிறுத்தி வைத்தார்கள், ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதல் அணி வீரர்களின் சம்பளத்தை நிறுத்தியது. பெரிய கிளப்களின் கதியே அது. ஆனால் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையை யாருக்குக் கொடுப்பார்கள் என்று நினைத்தீர்கள்? இந்தியன் வங்கி, ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்., வருமான வரித் துறை எல்லாம் சென்னை லீகில் அணி வைத்திருக்கிறவர்கள். சான்றிதழை மட்டும் பார்த்து ஆள் எடுப்பதில்லை, மைதானத்தில் ஓடவிட்டும் பார்ப்பார்கள். நொண்டிக்கொண்டு போகிறவனுக்கு உங்கள் சிபாரிசு எதுவும் செய்யாது. ஆக, பந்துக்கும் அதே முட்டி, வேலைக்கும் அதே முட்டி. அதோடு, ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும் என்றும் கிடையாது. கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்துகொண்டே இந்திய மகளிர் அணிக்கு நடுக்களத்தில் ஆடியவர்.

இன்னொன்று. அடிபட்டது கிளப்பின் பயிற்சியில். அப்படியிருக்க, ஓய்வெடு என்று சொல்லி அனுப்பினால் அவர்கள் பொறுப்பு முடிந்துவிடுமா? காயத்தைக் காட்டி ஒப்பந்தத்தை முறிக்க, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிகள் இடம் கொடுப்பதில்லை. மே வரை சம்பளம் வர வேண்டும். வருகிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை. ஒப்பந்தத்தை எடுத்து மருத்துவச் செலவு, காப்பீடு பற்றிய பகுதியைப் படியுங்கள், புரியாவிட்டால் ஊரில் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். எம்.ஆர்.ஐ. அறிக்கையோடு கிளப்புக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேசியதெல்லாம் கணக்கில் வராது. பதில் வராவிட்டால் இந்தியக் கால்பந்து வீரர்கள் சங்கத்துக்கு எழுதுங்கள். ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்யுங்கள், ஜூனில் போய்க் கதவைத் தட்டாதீர்கள்.

கிளப் பணம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மந்திரிப்புக்கு ஒதுக்கிய பணம் வீட்டில் இருக்கிறது. பத்திரிகை அடித்தாயிற்று, ஊர் என்ன சொல்லும் என்பீர்கள். பங்குத்தந்தையிடம் விஷயத்தைச் சொல்லுங்கள், வேறு தேதி கொடுப்பார். சிமெண்ட் பூசிய சுவர் கிறிஸ்துமஸ் வரை அப்படியே நிற்கும்.

டாக்டரிடம் தேதி வாங்கிய பிறகு, தம்பியிடம் வேலை பற்றிப் பேசுங்கள். அவன் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். மாடிக்கு எவ்வளவு செலவானது என்பதை அன்றைக்கு எடுக்கவே வேண்டாம்.