பார்க்கின்சன்: அடுத்த வேளைக்கு முன்பே மருந்து இறங்கிவிடுகிறது, மாத்திரையைக் கூட்டலாமா?

கேள்வியின் சுருக்கம்: கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் அப்பாவுக்கு 68 வயது. பார்க்கின்சனுக்கான மடோபார் 250 மாத்திரை காலை 8, மதியம் 1, இரவு 7 மணிக்கு ஒவ்வொன்று. பதினொன்றரைக்கே கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. ஒன்றரை மாத்திரையாகக் கொடுக்கலாமா?

நீங்களாகக் கூட்டாதீர்கள். இங்கே பிரச்சினை அளவில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது. மடோபார் 250-இல் வேலை செய்யும் மருந்தான லெவோடோபா 200 மி.கி., அதற்குத் துணையான பென்செராசைடு 50 மி.கி. ரத்தத்தில் இருக்கும் லெவோடோபா சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. நோயின் ஆரம்ப வருடங்களில் மிச்சமிருக்கும் மூளைச் செல்கள் அதை அசைவுக்கு வேண்டிய டோபமினாக்கிச் சேமித்து, மெதுவாக வெளியே விடும். அதனால்தான் மூன்று வேளை போதுமாக இருந்தது. அந்தச் செல்கள் குறையக் குறைய, ரத்தத்தில் மருந்து இருக்கும் நேரம் மட்டும்தான் உடம்பு அசையும் நேரம். அரை மாத்திரை கூட்டினால், கணக்குப்படி ஒரு மணி நேரம்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. உச்சம் மட்டும் உயரும். கழுத்தும் கையும் தானாக நெளிந்து ஆடத் தொடங்கலாம்.

முதலில் சாப்பாட்டைப் பாருங்கள். எட்டு மணிக்கு ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு, தே தாரேக்கோடு மாத்திரையும் உள்ளே போகிறது என்றால், பாதிச் சிக்கல் அங்கேயே இருக்கிறது. புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலும் மூளை வாசலிலும் ஒரே வழியில்தான் நுழைய வேண்டும். கூட்டத்தில் மருந்து பின்தங்கிவிடும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், அல்லது சாப்பிட்டு ஒன்றரை மணி கழித்து, ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில் கொடுங்கள். குமட்டினால் இரண்டு கிரீம் கிராக்கர் போதும். பாலும் மைலோவும் வேண்டாம். இதற்காகப் புரதத்தையே நிறுத்துகிறவர்கள் உண்டு, அது தப்பு, உடம்பு வற்றிவிடும். மீன், கோழி, தௌஃபூ, தயிரை இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளினாலே பகல் நேரம் தெளியும். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் இரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். இரும்பு லெவோடோபாவைப் பிடித்துக்கொள்ளும். மலச்சிக்கலையும் சரி செய்யுங்கள். வயிறு மந்தமானால் மாத்திரை அங்கேயே கிடக்கும்.

அடுத்து, டாக்டர் அப்பாயின்ட்மென்டுக்கு முன் மூன்று நாள் அரை மணிக்கு ஒரு கட்டமாகக் குறித்து வையுங்கள்: நன்றாக அசைகிறார், இறுகிவிட்டார், தொந்தரவான ஆட்டம், தூக்கம். மாத்திரை நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இறுக்கம் மட்டும் அல்ல, திடீர் பதற்றம், வியர்வை, அதிகாலையில் கால் விரல் சுருட்டிக்கொண்டு வலிப்பது, இவையும் மருந்து இறங்கும் அறிகுறிகளாக இருக்கலாம். போனில் இரண்டு நிமிட வீடியோவும் எடுங்கள், ஏனென்றால் டாக்டர் முன்னால் பெரும்பாலும் நன்றாகவே நடப்பார்கள். ‘மாத்திரை போட்டும் ஒரு மணி நேரம் வேலை செய்யவில்லை’ என்பதும் ‘வேலை செய்து சீக்கிரம் இறங்கிவிட்டது’ என்பதும் வேறு வேறு. வைத்தியமும் வேறு.

குறிப்பு கையில் இருந்தால் டாக்டர் செய்யக்கூடியது ஊகிக்கக்கூடியதே. நாளுக்கு 600 மி.கி.யை மாற்றாமல், 150 வீதம் நான்கு வேளையாகப் பிரிக்கலாம்: 7, 10.30, 2, 5.30 மணி. சிலருக்கு 150 பற்றாது, மருந்து ஏறவே ஏறாது. அப்போது 200-ஐ வைத்துக்கொண்டே வேளையைக் கூட்ட வேண்டியிருக்கும். எண்டகபோன் என்ற துணை மாத்திரையை 200 மி.கி. ஒவ்வொரு லெவோடோபா வேளையோடும் சேர்த்தால் அந்த வேளையின் நேரம் நீளும். சிறுநீர் செம்பழுப்பாகும், பயப்பட வேண்டாம். வயிற்றுப்போக்கு விடாமல் இருந்தால் சொல்லுங்கள். ஆட்டம் வந்தால் லெவோடோபாவைக் குறைப்பார்கள். ரசாகிலின் என்ற மாத்திரையையும் சேர்க்கலாம், நாளுக்கு ஒன்று. அதைச் சாப்பிடும்போது டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் உள்ள இருமல் மருந்தும், டிராமடால் வலி மாத்திரையும் ஆகாது. பிராமிபெக்சோல் வகை கொடுத்தால் அப்பாவின் கைப்பணத்தைக் கவனியுங்கள். எப்போதாவது நாலு நம்பர் லாட்டரி எடுத்தவர் தினமும் எடுக்கத் தொடங்கினால் அது குணம் அல்ல, மருந்து.

இரவுக்கும் விடியலுக்கும் மடோபார் எச்பிஎஸ் கேப்சூல் உண்டு. அதைத் திறக்கவோ மெல்லவோ கூடாது. மெதுவாக ஏறும், சாதாரண மாத்திரையைவிடக் குறைவாகவே உடம்பில் சேரும், அதனால் ஒன்றுக்கு ஒன்று மாற்றக் கூடாது. காலையில் கட்டிலைவிட்டு எழவே முடியாதவர்களுக்குத் தண்ணீரில் கரைக்கும் மடோபார் இன்னும் சீக்கிரம் வேலை செய்யும். கரைத்து அரை மணிக்குள் குடித்துவிட வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் ஒரு வாரத்துக்கான மாத்திரைகளை உடைத்து டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். ஈரம் மடோபாரைக் கெடுக்கும். மூடியை இறுக்கி மூடுங்கள்.

நாட்டு மருந்துக் கடைப் பூனைக்காலி விதைப் பொடியிலும் லெவோடோபாதான் இருக்கிறது. பொட்டலத்துக்குப் பொட்டலம் அளவு மாறும் என்பதால் மாத்திரைக்கு மேல் அதைச் சேர்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு டோஸைக் கூட்டுவதுதான். வயிற்றில் இருக்கும் ஹெலிகோபாக்டர் கிருமியைக் கொன்றால் மருந்து நன்றாக ஏறும் என்று வாட்ஸ்அப்பில் வருவதையும் நம்பி ஓடாதீர்கள். கோலாலம்பூரில் மலாயா பல்கலைக்கழகக் குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வில் அசைவில் முன்னேற்றம் தெரியவில்லை.

வாந்தி, தலைச்சுற்று என்று பக்கத்துக் கிளினிக்குக்குப் போனால், ஊசிக்கு முன்பே “பார்க்கின்சன், மாக்சலோனும் ஸ்டெமெட்டிலும் வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். இரண்டும் டோபமினைத் தடுப்பவை, ஒரே நாளில் ஆளை முடக்கிவிடும். வார்டில் சேர்த்தால் மாத்திரை நேரங்களை எழுதி நர்ஸிடம் கொடுங்கள்; மருந்துச் சுற்று வரும் நேரம் அப்பாவின் நேரமாக இருக்காது. எந்தக் காரணத்துக்கும் லெவோடோபாவை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. நிறுத்திய பிறகு கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, குழப்பம் வந்தால் உடனே 999-ஐ அழையுங்கள்.