கண்ணுக்குள் மரு: கேட்டவர்களுக்கு என் பதில்

கண் கிளினிக்கில் பல வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். போன கிழமை கண் மருவைப் பற்றி இரண்டு வரி எழுதினேன், கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்ததைச் சொல்கிறேன், வைத்தியரிடம் போகாமல் இருக்க இதைச் சாட்டாக்க வேண்டாம்.

மகனுக்கு 9 வயது. கீழ் இமையை இழுத்தால் உள்ளே இளஞ்சிவப்பில் பூக்கோவா மாதிரி ஒரு சதை. நோவு இல்லை. (வெள்ளவத்தை)

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பாபிலோமா போலத்தான் இருக்கிறது, ஆனால் விளக்கு வைத்துப் பார்க்காமல் யாரும் உறுதி சொல்லக் கூடாது. பாபிலோமா என்பது கண்ணின் வெள்ளையையும் இமையின் உள்பக்கத்தையும் மூடியிருக்கிற மெல்லிய சவ்வில், மரு வரவைக்கிற எச்பிவி (மனித பாபிலோமா வைரஸ்) என்ற வைரஸால் வருவது, பெரும்பாலும் அதன் 6ஆம், 11ஆம் வகைகள். உற்றுப் பார்த்தால் சதைக்குள் சிவப்புப் புள்ளிகள் தெரியும், ஒவ்வொன்றும் ஒரு சின்ன இரத்தக்குழாய். பிள்ளைகளுக்குச் சில மாதத்திலோ ஓரிரு வருடத்திலோ தானாகவே சுருங்கிப் போவதும் உண்டு, அதனால் பல வைத்தியர்கள் முதலில் பொறுத்துத்தான் பார்ப்பார்கள்.

எச்பிவி என்று தேடினால் கூடாத நோய் என்று வருகிறது அக்கா. வீட்டில் இப்போது ஒருவரை ஒருவர் சந்தேகிக்கிறோம். (அதே தாய்)

சந்தேகத்தை விடுங்கள் தங்கச்சி. அந்தரங்க உறுப்பில் மரு வரவைப்பதும் இதே 6, 11தான், அது உண்மை. ஆனால் பிள்ளைக்குப் பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து தொற்றியிருக்கலாம், கையால் கண்ணைத் தேய்த்ததில் வந்திருக்கலாம். தாய்க்கு எந்த அறிகுறியும் இருந்திருக்காது. எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது, அதனால் அந்த விசாரணையே வீண். கிளினிக் வாங்கிலில் இதே காரணத்துக்காக முகம் பார்க்காமல் உட்கார்ந்திருந்த தம்பதிகளைக் கண்டிருக்கிறேன், பாவம் பிள்ளை நடுவில்.

கண் மருவை ஒரு இடத்தில் வெட்டி எடுத்தோம். மூன்று மாதத்தில் ஒன்று மூன்றாக வந்துவிட்டது. வெட்டின துண்டைச் சோதிக்கச் சொல்லவில்லை. (தெஹிவளை)

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். வெட்டுவது பெரிய வேலை இல்லை, எப்படி வெட்டுவது என்பதுதான் வேலை. மருவை இடுக்கியால் நசுக்கினாலோ அடியில் மிச்சம் விட்டாலோ வைரஸ் பக்கத்துச் சவ்விலும் விதைபட்டுவிடும். அதனால்தான் மருவைத் தொடாமல் சுற்றியுள்ள சவ்வைப் பிடித்து முழுதாக எடுத்து, அடியை உறைய வைக்கிற குளிர் சிகிச்சையும் கொடுப்பார்கள். திரும்பத் திரும்ப வந்தால் இன்டர்ஃபெரான் அல்லது மைட்டோமைசின் சொட்டு மருந்து, சிலருக்கு சிமெட்டிடின் குளிசை. மைட்டோமைசின் கடுமையான மருந்து, வைத்தியர் கண்காணிப்பில் மட்டும்தான். அடுத்த முறை துண்டு பயொப்சிக்கு, அதாவது ஆய்வுகூடச் சோதனைக்கு, போகிறதா என்று வெட்ட முன்னமே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் கண்ணில் விடலாமா?

வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கிற ஸ்டீராய்ட் சொட்டும் வேண்டாம், அது கண்ணழுத்தத்தைக் கூட்டிவிடும்.

அப்பாவுக்கு 61. மீன்பிடித் தொழில். கருவிழி ஓரத்தில் வெள்ளையாகத் தடித்த ஒன்று, வெயிலில் வளர்கிற சதை என்று நாங்கள் பேசாமல் விட்டோம். (முகத்துவாரம்)

இதை விடாதீர்கள். வெயிலில் வளர்கிற சதை பொதுவாக மூக்குப் பக்கத்திலிருந்து முக்கோணமாக ஊர்ந்து வரும். கருவிழி ஓரத்தில் வெள்ளையாகத் தடித்து, பருத்த இரத்தக்குழாய் ஓடிவந்து சேர்கிற ஒன்று புற்றுநோயின் ஆரம்பமாகவும் இருக்கலாம். வருடக்கணக்கான வெயில் அதற்கு முக்கிய காரணம், புகைப்பழக்கமும் சேரும். நேரத்தோடு எடுத்தால் கண்ணைக் காப்பாற்றலாம். இந்தக் கிழமையே கொழும்பு லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேசிய கண் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள், கடலுக்குப் போகிற நாளென்று தள்ளிப்போட வேண்டாம்.

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் எச்பிவி ஊசி என்கிறார்கள். போடலாமா?

தாராளமாக. 2017இலிருந்து தரம் 6 பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கத்தான் அது. ஏற்கனவே வந்த கண் மருவை அது கரைக்காது.

இமை விளிம்பில் சின்னச் சின்ன முத்து மாதிரி, நடுவில் குழி. கண்ணும் சிவந்தே இருக்கிறது. இதுவும் அதுவா? (கொட்டாஞ்சேனை)

இல்லை, நீங்கள் சொல்வது மொலஸ்கம் போல இருக்கிறது. அது வேறு வைரஸ், பெரியம்மைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த முத்திலிருந்து உதிர்வது கண்ணுக்குள் விழுவதால்தான் சிவப்பு மாறாமல் இருக்கும், எத்தனை சொட்டு மருந்து விட்டாலும். முத்தை எடுத்துவிட்டால் சிவப்பும் போகும். நீங்களே நகத்தால் கிள்ளாதீர்கள், அதுவரை துவாயைத் தனியாக வையுங்கள்.